இரண்டாவது பகடை

திரையில் எண்பது என்று வந்தது. அதைப் பார்த்துத்தான் மீட்பு அணித் தலைவி செவ்வந்தி, தன் அணியில் இருந்த மாசிலாமணியை இடிந்த கட்டடத்துக்குள் அனுப்பினாள். அவன் திரும்பி வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான் என்று மீட்புத்துறை சொன்னது. மாசிலாமணியின் மனைவி பூங்கோதைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் அழவில்லை என்பதைக் கவனித்து, அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதிர்ச்சியெல்லாம் இல்லை. ஆத்திரம். காலையில் பல் துலக்கும்போதே தாடை வலித்தது. தூக்கத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எண்பது சதவீதம் என்றால் என்னவென்று இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பூங்கோதைக்குத் தெரியும். அவள் பிழைப்பே அதுதான். 'யாளிக்கோட்டை' என்ற வியூக விளையாட்டில் வரும் விசித்திர உயிரினங்களின் சிறப்புத் திறன்களுக்கு வாய்ப்புக் கணக்குப் போடுகிறவள் அவள். யாளி முறைத்தால் எதிரி கல்லாக உறைய நூற்றில் எத்தனை வாய்ப்பு, வெட்டுப்பட்ட தலை நாகத்துக்கு மறுபடி முளைக்க எத்தனை, கல்லாமை என்ற கல் ஆமை தன் முதுகால் சரியும் மதிலைத் தாங்கிப் பிடிக்க எத்தனை. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "ஒரு யாளிக்குப் பத்து சதவீதம்னா, பத்து யாளிக்கு நூறுன்னு கூட்டிடாதீங்க. நூறு சண்டையில முப்பத்தஞ்சுல பத்தும் சேர்ந்து கோட்டை விடும்."

ஒரு தலைமுறையே அந்த விளையாட்டை ஆடி வளர்ந்திருந்தது. அதற்குள் சென்னையில் மழைக்கு ஒரு காலம் என்பது போய், ஆண்டு முழுவதும் மழை என்றாகிவிட்டது. மண் இளகி, பழைய அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக உட்கார ஆரம்பித்தன. மீட்புத்துறை இயந்திர ஆமைகளை இறக்கியது. சரிந்த தளத்துக்கு அடியில் ஆமை ஊர்ந்து போய் முதுகை உயர்த்தி நிறுத்தும். அது தாங்கிக்கொண்டிருக்கும்போது ஆட்கள் உள்ளே நுழைந்து சிக்கியவர்களை இழுத்து வர வேண்டும். சுவரின் எடை, ஈரம், விரிசல் எல்லாவற்றையும் பார்த்து, ஆமை தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு மூளை வேண்டியிருந்தது. யாளிக்கோட்டையின் மூளையையே துறை வாங்கிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து ஆடிப் பழகிய திரை, ஆட்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டாம் என்று அன்றைக்கு அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் யாளிக்கோட்டை நிறுவனத்தின் தலைவர் இளம்பரிதி வீட்டுக்கு வந்தார். பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எண்ணுல தப்பே இல்ல பூங்கோதை. திருப்பித் திருப்பி சோதிச்சாச்சு. எண்பதுன்னா எண்பதேதான்."

"தப்புன்னு நான் எப்ப சொன்னேன்?"

"விசாரணைக் கமிஷன்ல அத நீ சொல்லணும். வேற யார் சொன்னாலும் கம்பெனிக்காக சொல்றாங்கம்பாங்க. நீ சொன்னா..."

"செத்தவன் பொண்டாட்டியே சொல்றாம்பாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்றேன் சார். அஞ்சுல ஒரு தடவ விழும்னு திரை சொல்லியிருக்கு. அதப் பாத்துட்டு ஒரு மனுஷன உள்ள அனுப்பியிருக்கா அவ. வேலைய விட்டுத் தூக்கினா மட்டும் பத்தாது. அவ ஜெயிலுக்குப் போகணும்."

அவர் போன பிறகும் கோபம் அடங்கவில்லை. கமிஷன் கூடும்வரை பொறுத்திருக்க அவளால் முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மீட்புத்துறைக் குடியிருப்புக்குப் போனாள்.

கதவைத் திறந்தவள் சின்னப் பெண். துறையின் நீலச் சட்டைக்குப் பதில் வெளுத்த பனியன் போட்டிருந்தாள். பூங்கோதையை அடையாளம் தெரிந்ததும் கதவைப் பிடித்திருந்த கை நழுவியது.

"உள்ள வாங்க மேடம்."

"உக்கார வரல. உள்ள எத்தன பேர் சிக்கியிருந்தாங்க?"

"ஒரு அம்மா. குரல் கேட்டுச்சு."

"திரையில என்ன வந்துச்சு?"

"எண்பது."

அவள் அதைச் சொன்ன விதம் பூங்கோதையைச் சுட்டது. தப்பை ஒப்புக்கொள்கிறவள் போல அவள் சொல்லவில்லை. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

"எண்பதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? படிச்சவதானே நீ? நூறு தடவ அனுப்பினா இருபது தடவ ஆள் செத்துப் போவான்னு அர்த்தம். அத்தன பேருக்கு யார் வீட்டுல வந்து பதில் சொல்லுவ?"

"தெரியும் மேடம். பரீட்சையில எழுதியிருக்கேன்." செவ்வந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அங்க நிக்கும்போது அப்படித் தெரியல. எழுபதுன்னு வந்திருந்தா யோசிச்சிருப்பேன். எண்பதுக்கு யோசிக்க என்ன இருக்குன்னுதான் தோணுச்சு. ஒம்பது வயசுலேர்ந்து ஆடறேன். கல்லாமை எண்பதுல என்னைக் கைவிட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு தடவ, ரெண்டு தடவ இருக்கலாம். எண்பதுன்னா தாங்கும் மேடம். எல்லாருக்கும் அப்படித்தான். அண்ணனும் திரையப் பாத்தாரு. 'அட, எண்பதா? எந்திரிங்கடா'ன்னு அவருதான் முதல்ல நடந்தாரு."

பூங்கோதை திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு யாளிக்கோட்டை ஆடும் மாசிலாமணி அவள் கண் முன்னால் வந்தான். "உங்க ஆமை நல்ல ஆமைடி" என்பான். அவளும் சிரிப்பாள். ஏன் நல்ல ஆமை என்று அவனிடம் அவள் சொன்னதே இல்லை. வெளியே சொல்லக் கூடாத தொழில் ரகசியம் அது.

திரும்பிப் படியிறங்கினாள். வந்தபோது இருந்த ஆத்திரம் அப்படியே இருந்தது. யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது.

நேரே அலுவலகம் போய் இளம்பரிதியின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"இரண்டாவது பகடை" என்றாள்.

அவருக்கு உடனே புரிந்தது. கையிலிருந்த பேனாவை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

யாளிக்கோட்டை முதன்முதலில் வந்தபோது அதில் எல்லாக் கணக்கும் நேர்மையாக இருந்தது. எண்பது என்று காட்டினால் எண்பதுதான். ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். கல்லாமை ஏமாற்றுகிறது, பகடையில் தில்லுமுல்லு என்று ஊரெல்லாம் ஏசினார்கள். ஆட்டமே படுத்துவிடும் போல் இருந்தது. அப்போதுதான் இளம்பரிதி ஒரு யோசனை சொன்னார். திரையில் எண்பது என்றே இருக்கட்டும். உள்ளே பகடையை இரண்டு முறை உருட்டி, நல்லதை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து தோற்றால்தான் தோல்வி. அப்படியானால் நூற்றில் நான்கு முறைதான் ஆமை கைவிடும். பூங்கோதை சண்டை போட்டாள். கடைசியில் அவள்தான் அந்த வரியை எழுதவும் செய்தாள். அடுத்த வாரமே, இப்போதுதான் பகடை நியாயமாக உருள்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

"மீட்புத்துறைக்குக் குடுக்கும்போது அந்த வரிய எடுத்துட்டுத்தான் குடுத்தோம்" என்றார் இளம்பரிதி. "நிஜ எண்ணத்தான் குடுத்தோம். அதுல என்ன தப்பு?"

"எடுத்தோம்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

அவர் பேனாவை மறுபடி எடுத்து மூடியைத் திருகினார்.

"சொன்னீங்களா சார்?"

"எடுத்தோம்னு சொன்னா, விளையாட்டுல அது இருக்குன்னு தெரிஞ்சிடும் இல்லையா."

"தொண்ணூத்தாறுக்கு எண்பதுன்னு பேர் வெச்சு ஒரு ஊரையே பழக்கினோம். அப்புறம் நிஜ எண்பதக் கொண்டு போய் அவன் கையில குடுத்தோம். அதே திரை, அதே எழுத்து, அதே பச்சை நிறம். அவனுக்கு எப்படி சார் தெரியும்?"

"கத்தாத பூங்கோதை."

"இன்னும் நான் கத்தவே ஆரம்பிக்கல."

கமிஷன் ஒரு பழைய திருமண மண்டபத்தில் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கறாரானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, எண் சரி, அதைப் படித்தவள்தான் தவறு என்று நிதானமாகச் சொல்லி முடித்தார். பூங்கோதையைச் சாட்சியாகக் கூப்பிட்டதும் அவர்களே; பெயரை முன்பே கொடுத்திருந்ததால் மாற்ற முடியவில்லை. அவள் எழுந்து, "எண் சரிதான்" என்றாள். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க யாளிக்கோட்டை ஆடுவீங்களா?" என்று அவள் நீதிபதியைக் கேட்டாள்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் சிரித்தார். "பேத்திகூட ஆடுவேன். என்கிட்டதான் அவ தோத்துப் போவா."

அவள் கொண்டுவந்த திரையை அவர் முன்னால் வைத்தாள். கல்லாமை, மதில், எண்பது. "கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கய்யா."

அவர் ஆடினார். ஆமை தாங்கியது, தாங்கியது, விழுந்தது. புருவத்தைச் சுருக்கினார். மறுபடி தாங்கியது. மறுபடி விழுந்தது, அதற்கடுத்த முறையும் விழுந்தது. பக்கத்தில் இருந்த உறுப்பினர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீதிபதி விரலால் திரையைத் தட்டினார்.

"இதுல ஏதோ கோளாறு இருக்கும்மா. எண்பதுன்னு போட்டுட்டு இப்படி விழுந்தா எப்படி? வேற கொண்டு வாங்க."

"கோளாறு இதுல இல்லீங்க. இதுல உண்மையான எண்பது இருக்கு. உங்க பேத்திகூட நீங்க ஆடறதுலதான் கோளாறு. அதப் பண்ணினது நாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது பகடையைப் பற்றிச் சொன்னாள். அதை எழுதியது தன் கை என்பதையும் சொன்னாள். வக்கீல் எழுந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார்; அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. நீதிபதி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

செவ்வந்திமேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பூங்கோதை அன்று கொஞ்சம் சோறு சாப்பிட்டாள்.

சில மாதங்கள் கழித்துக் கமிஷனின் பரிந்துரைகள் சட்டமாயின. இளம்பரிதி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"நீ சொன்னத அப்படியே ஏத்துக்கிட்டாங்க. மக்களோட புத்தி ஒரு விதமாப் பழகிப் போச்சு, எண்பதுன்னா அவங்களுக்குத் தொண்ணூத்தாறுதான். அதனால இனிமே மீட்புத்துறைத் திரையிலயும் அப்படியே காட்டணுமாம். நிஜத்துல தொண்ணூத்தாறு இருந்தாத்தான் எண்பதுன்னு வரும். உணர்வு எண்ணுன்னு பேர் வெச்சிருக்காங்க. புயல் எச்சரிக்கை, ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் வருது. வேலை நமக்குத்தான். தலைமை நீ."

பூங்கோதை அவரையே பார்த்தாள். அவர் வேடிக்கை செய்யவில்லை.

"விளையாட்ட நேராக்கச் சொன்னேன் சார். அந்த ஒரு வரிய எடுங்க, ரெண்டு வருஷம் திட்டுவாங்க, அப்புறம் எண்பதுன்னா என்னன்னு கத்துக்குவாங்கன்னு சொன்னேன்."

"விளையாட்ட நேராக்கினா எவனும் ஆட மாட்டான். உலகத்த வளைக்கிறது லேசு." அவர் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "யோசிச்சுப் பாரு. இது அன்னிக்கே இருந்திருந்தா திரையில ஐம்பத்தஞ்சுன்னு வந்திருக்கும். மாசிலாமணி உயிரோட இருந்திருப்பார்."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததாலேயே அவளுக்கு மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல் இருந்தது. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் முன்னால் எறிந்துவிட்டு வந்தாள்.

திரைகளில் உணர்வு எண் வந்த அந்த ஆண்டு மீட்புத்துறையில் ஒருவரும் சாகவில்லை. பத்திரிகைகள் கமிஷனைப் புகழ்ந்தன. ஒரு நாள் மத்தியானம் செவ்வந்தி போனில் கூப்பிட்டாள். 

"அக்கா, நேத்து ஒரு கட்டடம். திரையில நாப்பதுன்னு வந்துச்சு. போகல. நாப்பதுக்கு எப்படிக்கா போறது? உள்ள ரெண்டு பேர். ரொம்ப நேரம் குரல் குடுத்துட்டே இருந்தாங்க. நாங்க வெளிய நின்னு கேட்டுட்டே இருந்தோம். அப்புறம் நின்னு போச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நிஜ எண் என்னக்கா?"

நிஜ எண்ணை வெளியே சொல்வது இப்போது குற்றம். பூங்கோதை அதை நினைக்கவில்லை. அவள் நினைத்தது வேறு. நாற்பதுதான் என்று சொல்லிவிடலாம். இந்தப் பெண் இன்றைக்காவது தூங்குவாள். ஒரு சின்னச் சொல்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதற்குப் பெயர்தானே இரண்டாவது பகடை என்று தோன்றியதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அறுபத்து நாலு" என்றாள்.



"போயிருப்போம்" என்றாள் செவ்வந்தி. "அறுபத்து நாலுன்னா, யாராவது ஒருத்தர் போயிருப்போம்."

"கேளு. திரையில வர்ற எண்ண விடு. தோக்குற பங்க எடு. நாப்பதுன்னா தோக்குறது அறுபது. அந்த அறுபதுல நூத்துக்கு அறுபது பங்கு முப்பத்தாறு. நிஜமாத் தோக்குறது அவ்வளவுதான். எல்லாத்துக்கும் இதே கணக்கு."

"எனக்கு அந்த நேரத்துல கணக்கு வராதுக்கா."

"அப்ப கூப்பிடு. நான் சொல்றேன்."

அதன்பிறகு மழை வலுக்கும் போதெல்லாம் பூங்கோதை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் எட்டும் தூரத்தில் வைத்தாள். செவ்வந்தி கூப்பிட்டாள். பிறகு மற்ற அணிக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எண்ணைச் சொல்வார்கள், அவள் நிஜ எண்ணைச் சொல்வாள். போ என்றோ போகாதே என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது, பிறகு நோட்டீஸ் வந்தது. மறுபடி விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வருகிறேன் என்று பதில் எழுதினாள்.

விசாரணைக்கு முந்தைய நாள் பிற்பகலில் வானம் கறுத்துக் கொட்டியது. போன் அடித்தது.

"அக்கா, முப்பது."

"ஐம்பத்தொண்ணு. தோக்குறது நாப்பத்தொம்பது."

"உள்ள ஒரு பெரியவர். இருமுறாரு. கேக்குது." மழைச் சத்தத்துக்கு மேல் செவ்வந்தி கத்தினாள். "நீங்க என்ன சொல்றீங்கக்கா?"

"எண்ணைச் சொல்லிட்டேன். அதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் பொய்யாத்தான் இருக்கும்."

செவ்வந்தி போனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே தன் ஆட்களைப் பார்த்துச் சொல்வது பூங்கோதைக்குத் தெளிவாகக் கேட்டது. "கேளுங்கடா. திரை முப்பது சொல்லுது. அது பொய். நிஜம் ஐம்பத்தொண்ணு. பாதிக்குப் பாதி. ஆமை விழுந்தா நாம காலி. நான் போறேன். எனக்கு இன்னும் ஒரு ஆள் வேணும். வராதவன யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

சேற்றில் யாரோ காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் வர்றேன்" என்றது ஓர் ஆண் குரல். "இரு. வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்."

அவன் தள்ளிப் போய்ப் பேசியது அரைகுறையாக விழுந்தது. உள்ளே போகிறேன் என்றான், பாதிக்குப் பாதி என்றான். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, ம், ம் என்று கேட்டுக்கொண்டான். பிறகு குழந்தையிடம் கொடுக்கச் சொன்னான். செவ்வந்தி அவனை அவசரப்படுத்தவில்லை.

ஆமை முதுகை உயர்த்தும் உறுமலும், அவர்கள் சேற்றில் நடந்து போகும் சத்தமும் கேட்டன. பூங்கோதை சமையலறைத் தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து யாரோ கூவினார்கள். பெரியவரைக் கொண்டு வந்துவிட்டார்கள். ஆமை தாங்கியிருந்தது.

"அக்கா! தாங்கிடுச்சுக்கா! ஐம்பத்தொண்ணு தாங்கிடுச்சு!"

"தாங்கினதால நீ கெட்டிக்காரி ஆயிட மாட்ட" என்று பூங்கோதை சீறினாள். "நாளைக்கு விழும். அதையும் ஞாபகம் வெச்சுக்கோ. போய்த் துணிய மாத்து."

போனை வைத்துவிட்டுத் தரையிலிருந்து எழுந்தாள். அந்த ஆள் வீட்டுக்குப் பேசிய சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. மாசிலாமணி அன்றைக்குக் கூப்பிடவில்லை. போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. துறை அதைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடிகூட உடைந்திருக்கவில்லை.

எண்பதுக்கெல்லாம் வீட்டுக்கு யார் போன் பண்ணுவார்கள்?